கொலஸ்ட்ரால் "நார்மல்", ஆனாலும் மாரடைப்பு: ரத்தப் பரிசோதனை எதைச் சொல்கிறது?

கேள்வி இது: "அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். எட்டு மாதங்களுக்கு முன்புதான் ரத்தப் பரிசோதனை செய்திருந்தார், எல்.டி.எல். 98, நார்மல் என்றார்கள். எனக்கு 36 வயது. அறுபது சோதனைகள் அடங்கிய இதயப் பேக்கேஜ் ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். எது உண்மையில் தேவை? அடைப்பு இருக்கிறதா என்று ரத்தத்தில் தெரியுமா?" கூடவே அப்பாவின் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் தந்திருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் உட்கார்ந்து இப்படிப்பட்ட எண்களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். தெரியாது. இதயத் தமனியில் எத்தனை சதவீதம் அடைப்பு என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை கிடையாது. தமனிச் சுவரில் கொழுப்பு படியத் தோதான நிலைமை உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்பதை ரத்தம் சொல்லும். இதயத் தசை ஏற்கெனவே அடிபட்டுவிட்டதா என்பதையும் சொல்லும். இடையில் இருபது முப்பது ஆண்டுகளாக அடைப்பு சத்தமில்லாமல் வளர்கிறதே, அதை நேரில் பார்க்க சி.டி., ஆஞ்சியோகிராம் போன்றவைதான் வழி.

இனி அப்பாவின் முதல் ரிப்போர்ட். மொத்தக் கொலஸ்ட்ரால் 182, எச்.டி.எல். 31, ட்ரைகிளிசரைடு 265, எல்.டி.எல். 98. எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். எல்.டி.எல். என்பது தமனியில் படியும் "கெட்ட கொலஸ்ட்ரால்", எச்.டி.எல். என்பது "நல்ல கொலஸ்ட்ரால்" என்று பெயர் வாங்கியது, ட்ரைகிளிசரைடு ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு. இந்த 98-க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை. அதனால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள்.

அந்த 98-ஐ யாரும் அளக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அது வெறும் கழித்தல் கணக்கு. 1972-ல் ஃப்ரீட்வால்ட் என்பவரும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட சூத்திரம்: மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்.டி.எல்.-ஐக் கழி, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழி, மிச்சம் எல்.டி.எல். போட்டுப் பாருங்கள். 182-இல் 31 போனால் 151. 265-ஐ ஐந்தால் வகுத்தால் 53. 151-இல் 53 போனால் 98. ரிப்போர்ட்டில் இருப்பதும் அதுவே. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் சூத்திரம் செல்லாது என்று அதை உருவாக்கியவர்களே எழுதிவைத்தார்கள். ஆனால் 200-ஐத் தாண்டும்போதே அது மெல்ல எல்.டி.எல்.-ஐக் குறைத்துக் காட்டத் தொடங்கிவிடும். நம் ஊரில் 200-க்கு மேல் ட்ரைகிளிசரைடு உள்ளவர்கள் அபூர்வமா என்ன? திங்கட்கிழமை காலைகளில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்த சீரம் சில குழாய்களில் தேங்காய்ப்பால் போல நிற்கும். முகூர்த்த நாளுக்கு மறுநாள் என்று காலண்டரைப் பார்க்காமலே சொல்லிவிடுவோம்.

ஆகவே அந்த ரிப்போர்ட்டில் பார்த்திருக்க வேண்டிய எண் 98 அல்ல, நடுவில் வந்துபோன 151. மொத்தத்தில் எச்.டி.எல்.-ஐ மட்டும் கழித்தால் கிடைப்பது. இதற்கு "எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால்" என்று பெயர். தமனியில் புகுந்து படியக்கூடிய எல்லா வகைத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடக்கம். தனிச் செலவு கிடையாது, ஒரு கழித்தல் போதும். எல்.டி.எல். 100-க்குள் இருக்க வேண்டியவருக்கு இது 130-க்குள் இருக்க வேண்டும். அப்பாவுக்கு 151. அந்த ஒரு தாளிலேயே எச்சரிக்கை இருந்தது. அச்சிட்ட வரம்புகளைப் பார்த்து நட்சத்திரம் போடும் மென்பொருளுக்கு அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது ரிப்போர்ட், மாரடைப்பு வந்து மூன்றாம் நாள் எடுத்தது, எல்.டி.எல். 81 என்கிறது. அதை வைத்து "கொலஸ்ட்ராலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்று உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மாரடைப்பு வந்து ஓரிரு நாட்களில் எல்.டி.எல். தானாகவே இறங்கும், உடம்பு பெரிய காயத்துக்குக் காட்டும் எதிர்வினை அது. போதாததற்கு ஆஸ்பத்திரியில் முதல் நாளே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்திருப்பார்கள். அந்த 81 அப்பாவின் பழைய நிலையைச் சொல்லும் எண் அல்ல.

உறவினரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் இதயத் தமனி நோயோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,36,905 பேரின் கொழுப்பு அளவுகளைத் தொகுத்து 2009-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழ்தான். "நார்மல்" என்ற சொல் எவ்வளவு மெலிந்த பாதுகாப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இப்போது அப்போ-பி. கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் அது தனியாகப் போக முடியாமல் புரதம் சுற்றிய துகள்களுக்குள் போகிறது. படியக்கூடிய ஒவ்வொரு துகளிலும் ஒரே ஒரு அப்போ-பி புரதம் இருக்கும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அரிசி மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை கிலோ என்பது எல்.டி.எல்.; எத்தனை மூட்டை என்பது அப்போ-பி. ஆயிரம் கிலோவை 25 கிலோ சிப்பமாகக் கட்டினால் நாற்பது. 10 கிலோப் பையாகக் கட்டினால் நூறு. எடை மாறவில்லை, எண்ணிக்கை இரண்டரை மடங்கு. தமனிச் சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்வதைத் தீர்மானிப்பதில் எடையைவிட எண்ணிக்கைக்கே பங்கு அதிகம். ட்ரைகிளிசரைடு ஏறி, எச்.டி.எல். இறங்கி, வயிறு கொஞ்சம் முன்னால் வந்த உடம்பில் துகள்கள் சிறியவையாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். தெற்காசியர்களிடம் மிகப் பரவலான அமைப்பு இது. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்போடு மிக வலுவாகச் சேர்ந்து வந்தவற்றில் முன்னால் நின்றது அப்போ-பி, அப்போ-ஏ1 (எச்.டி.எல். துகளின் புரதம்) இரண்டின் விகிதம். அதே ஆய்வின் தெற்காசியப் பகுதியைத் தனியே பிரித்துப் பார்த்தபோது நம்மவர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்திருந்தது. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. உங்கள் அப்பா அந்தச் சராசரியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

பேக்கேஜில் உள்ள மற்ற பெயர்களுக்கு வருவோம். எதை எடுத்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த எண்ணைக் குறைத்தால் (அல்லது ஏற்றினால்) நோய் குறைகிறதா? நோயோடு சேர்ந்து வருகிறது என்பது மட்டும் போதாது. மழைக்காலத்தில் குடையும் வரும், சளியும் வரும். குடையைப் பிடுங்கினால் சளி போய்விடாது.

எல்.டி.எல். இந்தக் கேள்வியில் தேறியது போல வேறு எதுவும் தேறவில்லை. 1913-ல் ரஷ்யாவில் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டித் தமனியில் படிவு உண்டாக்கிக் காட்டினார். 1948-ல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 5,209 பேரைப் பின்தொடரத் தொடங்கிய ஆய்வு கொலஸ்ட்ராலையும் ரத்த அழுத்தத்தையும் புகைபிடிப்பதையும் முன்கூட்டியே தெரியும் அபாயங்களாக நிலைநாட்டியது. பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் எல்.டி.எல்.-ஐ உறிஞ்சும் ஏற்பியைக் கண்டுபிடித்து 1985-ல் நோபல் பெற்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த சான்று 2006-ல் வந்தது. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு பழுதாகப் பிறந்த சிலர் இருக்கிறார்கள். கறுப்பின அமெரிக்கர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். பிறந்தது முதல் அவர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு. இதயத் தமனி நோய் எவ்வளவு குறைவு தெரியுமா? 88 சதவீதம். கொஞ்சம் குறைவு, ஆனால் வாழ்நாள் முழுக்க. 36 வயதில் நீங்கள் இதைக் கேட்பது அதனால்தான் நல்லது. 54-இல் இதே கேள்வியின் மதிப்பு குறைந்துபோயிருக்கும். ஸ்டாட்டின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாலும், எல்.டி.எல். சுமார் 39 மில்லிகிராம் குறையும் ஒவ்வொரு முறையும் பெரிய இதய, மூளைத் தாக்குதல்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன.

எச்.டி.எல். கதை நேர்மாறானது. "நல்ல கொலஸ்ட்ரால்" என்று செல்லப்பெயர் வைத்து வளர்த்தோம். அது குறைவாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் டார்செட்ராபிப் என்ற மருந்து அதை 72 சதவீதம் ஏற்றிக் காட்டியது; 2006 டிசம்பரில் அந்த ஆய்வை அவசரமாக நிறுத்தினார்கள், ஏனென்றால் மருந்து சாப்பிட்டவர்களில் இறப்பு கூடியிருந்தது. நியாசின் மாத்திரையும் ஏற்றியது, பலன் இல்லை. அப்பாவின் 31 மாத்திரை போட்டு ஏற்ற வேண்டிய எண் அல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பு, ஏறிய ட்ரைகிளிசரைடு, உட்கார்ந்தே கழியும் நாட்கள் ஆகியவற்றின் நிழல் அது. நிழலைத் தூக்கி நிமிர்த்த முடியாது.

ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் அப்படியே. 1969-ல் கில்மர் மெக்கல்லி பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளின் தமனிகளைப் பார்த்து, இது ஏறினால் தமனி கெடும் என்று சொன்ன கருத்து அழகானது, துணிச்சலானது. ஃபோலிக் அமிலமும் பி12-உம் கொடுத்தால் எண் அழகாக இறங்கும். மாரடைப்பு இறங்கவில்லை. 2006-ல் வெளியான பெரிய ஆய்வுகள் அந்த நம்பிக்கையை முடித்துவைத்தன. நம் ஊரில், குறிப்பாகச் சைவ உணவுக்காரர்களிடம், இந்த எண் ஏறியிருந்தால் பெரும்பாலும் பி12 குறைவு என்று பொருள். அப்படியானால் பி12-ஐ நேராகவே பார்த்துவிடலாமே, இதயப் பேக்கேஜ் என்ற பெயரில் சுற்றிவளைப்பானேன்? எல்.பி.-பி.எல்.ஏ.2 என்ற நொதியின் பெயரும் பட்டியலில் இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் மருந்து 2014-ல் இரண்டு பெரிய ஆய்வுகளில் தோற்றது. விட்டுவிடுங்கள்.

சி.ஆர்.பி. கொஞ்சம் சிக்கலான ஆள். 1930-ல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்த புரதம். அழற்சி எங்கிருந்தாலும் கல்லீரல் இதைச் சுரக்கும். நுண்ணிய அளவில் அளக்கும் சோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைந்த அபாயம், 3-க்கு மேல் அதிகம். மரபணு ஆய்வுகளின்படி சி.ஆர்.பி. தானே தமனியைக் கெடுப்பதில்லை. ஆனால் அழற்சி கெடுக்கிறது. இது அதன் சாட்சி. 2017-ல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் ஊசி, மாரடைப்பு வந்தவர்களிடம் அடுத்த தாக்குதல்களை 15 சதவீதம் குறைத்தது. விலையோ மிக அதிகம். உயிரைப் பறிக்கும் தொற்றுகளும் கூடின. அதனால் அது இதயத்துக்கான மருந்தாக வரவில்லை.

பிறகு மலிவான ஒன்று வந்தது: கீல்வாதத்துக்குப் பழைய மருந்தான கோல்கிசின், தினம் அரை மில்லிகிராம். 2019-ல் 4,745 பேரிடம் நடத்திய ஆய்வில் 23 சதவீதம் பலன் காட்டியது. அடுத்தடுத்த ஆய்வுகளில் ஒன்று ஆம் என்றது, ஒன்று இல்லை என்றது. இந்தக் கோல்கிசின் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் காட்டில் கம்பி கட்டிக் கொடி ஏற்றுகிறார்களே, கண்வலிக்கிழங்கு, அதன் விதையிலிருந்தும் எடுக்கிறார்கள். நம் மாநில மலரான செங்காந்தள்தான். உடனே யாரும் கிழங்கைத் தேடிப் போக வேண்டாம், அது கொடிய நஞ்சு. அரை மில்லிகிராம் மாத்திரைக்கே டாக்டர் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் எழுதுவார்.

சி.ஆர்.பி. எடுப்பதானால் உடம்பு நன்றாக இருக்கும்போது எடுங்கள். காய்ச்சல், பல்வலி, சளி என்று எது இருந்தாலும் அது எகிறிவிடும். 10-க்கு மேல் வந்தால் இதயத்தோடு முடிச்சுப் போடாமல் சில வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் மிக முக்கியமாக நினைப்பது, பேக்கேஜ் பட்டியலில் 47-ஆவது வரியில் ஒளிந்திருக்கும் ஒன்று: லிப்போபுரோட்டீன்-ஏ. அப்போ-ஏ1 வேறு, இது வேறு. ரசீது எழுதும் கவுன்டரில் குழம்புவார்கள், சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1963-ல் நார்வேயின் கோரே பெர்க் கண்டுபிடித்தது. எல்.டி.எல். துகள் ஒன்றின் முதுகில் இன்னொரு புரதம் வாலாகத் தொங்கும். அந்த வால், ரத்தக்கட்டியைக் கரைக்க உதவும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தின் சாயல் கொண்டது, ஆனால் அந்த வேலையைச் செய்யாது. படியவும் செய்யும், அழற்சியையும் தூண்டும். இதயத்தின் அயோர்ட்டா வால்வைச் சுண்ணாம்பு பிடிக்கவைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

இதன் அளவு கிட்டத்தட்ட முழுக்கவும் பிறப்பிலேயே எழுதப்பட்டது. ஓட்ஸ் சாப்பிட்டாலும் இறங்காது, ஓடினாலும் இறங்காது, ஸ்டாட்டினும் இறக்காது. 50 மில்லிகிராமுக்கு மேல், அல்லது வேறு அலகில் 125 நானோமோலுக்கு மேல் இருந்தால் அதிகம். இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் இந்தியர்களில் நான்கில் ஒருவருக்கு இது அதிகம் என்கிறது. வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் பெரும்பாலும் போதும், ஏனென்றால் எண் பெரிதாக மாறுவதில்லை.

இறக்க முடியாத எண்ணை எதற்குப் பார்ப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதைக் குறிவைக்கும் ஊசி மருந்துகள் ஆரம்ப ஆய்வுகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் இறக்கியிருக்கின்றன. ஆனால் எண் இறங்குவது போதாது என்று மேலே இவ்வளவு நேரம் சொன்னேனே, அந்தத் தேர்வை இதுவும் எழுதியாக வேண்டும். அதுவரை பயன் இதுதான்: இது அதிகம் என்று தெரிந்தால், மாற்றக்கூடியவற்றில் கறாராக இருப்போம். 110 எல்.டி.எல்.-ஐ "பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாமல் சீக்கிரமே இறக்குவார் டாக்டர். அப்பாவுக்கு அதிகம் என்றால் உங்களுக்கும், உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஆகவே அறுபதில் எவை வேண்டும்? கொழுப்புப் பட்டியல் முழுவதும், அதிலிருந்து கழித்தெடுக்கும் எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால், அப்போ-பி, லிப்போபுரோட்டீன்-ஏ, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சி-யும் (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது), சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின். டாக்டர் விரும்பினால் நுண்ணிய சி.ஆர்.பி. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-இலிருந்து நோய். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் அது பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். ரத்த அழுத்தமும் சிகரெட்டும் எந்தக் குழாயிலும் தெரியாது. அறுபது சோதனை எடுத்தவர் அழுத்தம் பார்க்காமல் வீட்டுக்குப் போவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். தகப்பனாருக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருப்பதே மருத்துவக் கணக்கில் ஒரு தனி அபாயக் குறி, அதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அப்பாவைப் பொறுத்தவரை இனி பழைய "நார்மல்" செல்லாது: எல்.டி.எல். 55-க்குக் கீழ், எச்.டி.எல். அல்லாதது 85-க்குக் கீழ்.

பேக்கேஜில் ட்ரோபோனினும் இருக்கிறது. நலமாக இருப்பவருக்கு அதை எதற்கு விற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இதயத் தசை அணுக்கள் சேதமாகும்போது ரத்தத்தில் கசியும் புரதம் அது. நெஞ்சுவலியோடு வந்தவருக்கு அது பொன். 2000-ஆம் ஆண்டு முதல் மாரடைப்பின் வரையறையே அதை மையமாகக் கொண்டது. ஆனால் வலி தொடங்கிய உடனே எடுத்தால் நார்மலாகவே வரலாம், சில மணி நேரத்துக்குள் மறுபடி எடுத்து ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்கள் ரத்தம் எடுக்கும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. "ஹார்ட் டெஸ்ட் எடுங்கள், ராத்திரியிலிருந்து தாடை வலிக்கிறது" என்றார். டெக்னீஷியன் பெண் கையில் கட்டிய ரப்பர் பட்டையை அவிழ்த்துவிட்டு, குழாயைத் தொடாமல், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எதிர்க் கட்டடத்து அவசரப் பிரிவுக்கு ஓடினாள். ஈ.சி.ஜி. பார்த்ததும் நேராக அடைப்பை நீக்கும் கேத் லேபுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்பட்டது ரிப்போர்ட் அல்ல.

பரிசோதனைக்குப் போகும் நாளைப் பற்றிக் கொஞ்சம். அப்போ-பி, லிப்போபுரோட்டீன்-ஏ, எச்பிஏ1சி ஆகியவற்றுக்குப் பட்டினி வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் ட்ரைகிளிசரைடு ஏறும் சுபாவம் தெரிவதால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள், தண்ணீர் குடிக்கலாம். முந்தின இரவு விருந்து வேண்டாம். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களானால் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். சில இயந்திரங்களில் அது எண்களைப் புரட்டிவிடும். ட்ரோபோனினைப் பொய்யாகக் குறைத்துக் காட்டி ஓர் உயிரிழப்பு வரை போனதாக 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அப்பாவையும் உடன் அழைத்துப்போய் அவருக்கு லிப்போபுரோட்டீன்-ஏ எடுத்துவிடுங்கள். இரண்டு ரிப்போர்ட்டும் வந்தால், உங்களுடையதைவிட அவருடையதைத்தான் நான் முதலில் பிரித்துப் பார்ப்பேன்.